பூட்டு விழாத மூடல்: பட்டாசு வட்டாரத்தில் அவசர சிகிச்சை எங்கே இருக்க வேண்டும்?

சிற்றூரின் மருத்துவமனையை மூடிவிட்டு, அதன் வேலையை ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனையிடம் ஒப்படைத்தால், அந்த ஊரில் சாவு கூடுமா, குறையுமா? எண்பது ஆண்டுகளாக மருத்துவர்களும் திட்ட அதிகாரிகளும் பொருளியல் ஆய்வாளர்களும் இதற்குப் பதில் சொல்லிவருகிறார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எந்த நோயை மனத்தில் வைத்துக் கேட்டார்கள், எந்த நாட்டுச் சாலையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறியிருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பட்டாசு வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையில் இருக்கிறது சூலக்கரை. அதற்கு வடக்கே விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னும் வடக்கே போனால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, இந்தப் பக்கத்து மக்கள் வாயில் ‘பெரியாஸ்பத்திரி’. தெற்கிலும் மேற்கிலும் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசு ஆலைகள். சாத்தூர்ப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் விபத்து என்றால், மதுரைக்கு விரையும் ஆம்புலன்ஸ்கள் இந்தச் சாலையில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையை அரசாணை போட்டு மூடுவது அபூர்வம். பெயர்ப்பலகை இருக்கும், புறநோயாளிகள் வரிசை இருக்கும், காலையில் மாத்திரை கிடைக்கும். இரவு பத்து மணிக்கு உடல் வெந்து வருபவருக்கு மட்டும் கிடைப்பது ‘மதுரைக்குக் கொண்டுபோங்க’ என்ற சொல்லாக இருந்தால், அந்த ஒருவரைப் பொறுத்தவரை அந்த மருத்துவமனை மூடப்பட்டதாகவே பொருள். மேல்நாடுகளில் மூடல் என்ற தலைப்பில் நடக்கும் விவாதம் இங்கே ‘ரெஃபர்’ என்ற பெயரில் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

## போர் குழுவும் முதலியார் குழுவும்

இந்தியாவில் இந்த விவாதம் விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த ஜோசப் போர் குழு, சிகிச்சை மக்களின் வாசலுக்கு வர வேண்டும் என்றது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் 75 படுக்கைகள். அதற்கு மேல் 650 படுக்கை மருத்துவமனை. மாவட்டத்துக்கு 2,500 படுக்கைகள் என்பது அதன் நீண்டகாலத் திட்டம். இன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த எண்கள் நம்ப முடியாதவையாகத் தோன்றும்.

1959-இல் அமைக்கப்பட்ட அடுத்த குழுவுக்குத் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த மருத்துவர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். புதிது புதிதாக நிலையங்களைத் திறந்துகொண்டே போவதை நிறுத்தி, இருப்பவற்றை உருப்படியாக நடத்துங்கள்; மாவட்ட மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களை நிரப்புங்கள் என்பது அக்குழுவின் சாரம். ஆளும் கருவியும் இல்லாத கட்டடத்தை அருகில் வைத்திருந்து என்ன பயன் என்ற அவர்களது கவலை நியாயமானது.

போர் குழுவின் பலவீனம் பணம். அந்த அளவுக்குச் செலவிட எந்த அரசும் முன்வரவில்லை. முதலியார் குழுவின் வாதத்தில் உள்ள பலவீனம் வேறு வகை: நோயாளி மாவட்டத் தலைநகர் வரை உயிரோடு வந்து சேர்வார் என்று அது எடுத்துக்கொண்டது. பிரசவத்திலும் விஷக்கடியிலும் தீக்காயத்திலும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

## குவித்தால் நல்லது என்போர்

பிரிட்டனில் 1962-இல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் வெளியிட்ட மருத்துவமனைத் திட்டம், 600 முதல் 800 படுக்கைகள் கொண்ட மாவட்டப் பொது மருத்துவமனைகளை முன்வைத்தது. சிற்றூர்களின் குட்டி மருத்துவமனைகள் பலவற்றுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் ஹெரால்டு லஃப்டும் உடன் ஆய்வாளர்களும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, அதிக எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் சில வகை அறுவைகளுக்கு இறப்பு குறைவு என்று காட்டியது. செய்து பழகிய கை தவறுவது குறைவு என்ற பொது அறிவுக்கு அது எண் கொடுத்தது.

இதற்கு வலுவான சான்று இலண்டனிலிருந்து வந்தது. 2010-இல் பக்கவாத நோயாளிகளை முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் சேர்க்கும் பழக்கத்தை விட்டு, எட்டுச் சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டும் கொண்டுபோனார்கள். இறப்பு குறைந்தது. அருகில் இருந்த மருத்துவமனையைத் தாண்டிப் போனவர்கள் பிழைத்தார்கள். 2018-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்கிலாந்தில் 2009 முதல் 2011 வரை மூடப்பட்ட ஐந்து அவசரப் பிரிவுகளைச் சுற்றியிருந்த மக்களின் இறப்பைப் பார்த்தார்கள். மூடியதால் இறப்பு கூடியது என்று சொல்லும்படியான நம்பகமான சான்று கிடைக்கவில்லை. கூடவே, குறைந்தது என்பதற்கும் கிடைக்கவில்லை. குவிப்பை ஆதரிப்போர் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவதில்லை.

இந்த முடிவுகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. இலண்டனின் எட்டுப் பிரிவுகளும் ஒரே மாநகருக்குள், ஆம்புலன்ஸில் அரை மணி நேரத்துக்குள் எட்டும்படி அமைக்கப்பட்டவை. வண்டிக்குள் பயிற்சி பெற்ற ஆள் இருந்தார், போய்ச் சேரும் இடத்தில் படுக்கை காத்திருந்தது. குவித்ததன் பயனா, குவிக்கும்போது செய்த ஏற்பாட்டின் பயனா என்று பிரித்தறிவது கடினம்.

## தூரம் கொல்லும் என்போர்

எதிர்த்தரப்பிலும் எண்கள் உண்டு. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜான் நிக்கோலும் குழுவினரும், உயிர் ஆபத்தான நிலையில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசி 2007-இல் எழுதினார்கள். மருத்துவமனை ஒவ்வொரு பத்து கிலோமீட்டர் தள்ளிப்போகும்போதும் இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடியது. மூச்சுக் கோளாறோடு வந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மருத்துவமனைகள் மூடப்பட்டு தூரம் கூடியபோது மாரடைப்பு, விபத்துச் சாவுகள் உயர்ந்ததை 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. கலிஃபோர்னியாவைப் பற்றி 2019-இல் வந்த குஜ்ரால், பாசு ஆய்வு இன்னும் கூர்மையானது: கிராமப்புற மருத்துவமனை மூடப்பட்ட இடங்களில், நேரம் முக்கியமான நோய்களில் இறப்பு 5.9 சதவீதம் உயர்ந்தது. நகர்ப்புற மூடல்களில் அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. ஷெஃபீல்டின் 2018 முடிவுக்கும் இதற்கும் உள்ள முரண் பாதி இங்கேயே அவிழ்கிறது. அடுத்த மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

இத்தரப்பு அரசியலிலும் வென்றிருக்கிறது. இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் மருத்துவமனையில் அவசரப் பிரிவு போனதும், ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்டு டெய்லர் அந்த ஒரே பிரச்சினையை வைத்து 2001 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்று 17,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார், 2005-இலும் வென்றார். ஊர் மக்களுக்கு மருத்துவமனை என்பது வெறும் சேவை மையமன்று என்பதை இது காட்டும். சான்று என்ற முறையில் இதற்கு எடை தர முடியாது.

இத்தரப்பின் பலவீனம், ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்புவது. அந்தக் கருத்துக்கு அடிப்படையான ஆய்வு எது என்று லெர்னர், மொஸ்காட்டி இருவரும் 2001-இல் தேடிப் பார்த்தார்கள். அறுபது நிமிடம் என்ற கோட்டுக்கு உறுதியான சான்று அகப்படவில்லை. நேரம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளாகாது. எந்தக் காயத்துக்கு, எந்தச் செயலுக்கு, எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

## தீக்காயத்துக்கு இரண்டு கடிகாரங்கள்

மேலே கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சாலை விபத்தையும் பற்றியவை. விருதுநகர் மாவட்டத்தின் தனிப்பட்ட அவசரம் தீக்காயம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்கள் சுமார் நாற்பது பேர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே அல்லர், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி என ஒரே நாளில் இரண்டு விபத்துகள். 2024-இலும் 2025-இலும் பட்டியல் நீண்டது.

அச்சங்குளத்தின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். விபத்தன்று மாலை சொல்லப்பட்ட எண் ஒன்று. அடுத்த நாட்களில் மருத்துவமனைகளிலிருந்து அது ஏறிக்கொண்டே போயிற்று. தீக்காயத்தின் இயல்பு அது. முதல் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடுகிறது: உடலின் நீர் இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறி, இரத்த ஓட்டம் சரிந்து, சிறுநீரகம் நின்றுபோகிறது. இரண்டாவது நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஓடுகிறது: தோல் போன இடத்தில் கிருமி புகுந்து, இரத்தம் நஞ்சாகி, உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. இரண்டாம் கடிகாரத்தோடு போராடத் தனிப் பிரிவு, தோல் ஒட்டும் அறுவை நிபுணர், தொற்று புகாத அறை, வாரக்கணக்கில் கட்டு மாற்றும் செவிலியர்கள் வேண்டும். அதைத் தாலுகா தோறும் வைக்க முடியாது. குவிக்கத்தான் வேண்டும்.

முதல் கடிகாரத்துக்கு வேண்டியவை எளியவை. டல்லஸ் நகரின் பார்க்லேண்டு மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1968-இல் வகுத்த கணக்கை உலகமெங்கும் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள்: எடை கிலோவில், எரிந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கான நீர்மம் மில்லிலிட்டரில். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண், திரி வைக்கும் அறையில் தீப்பற்றி, முதுகு முழுதும் ஒரு கையும் மார்பின் பெரும்பகுதியும் வெந்து, நாற்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 × 50 × 40 என்றால் எட்டு லிட்டர். முதல் பாதி நான்கு லிட்டர், அதாவது அரை லிட்டர் ரிங்கர் லாக்டேட் பாட்டில் எட்டு.

எட்டு மணி நேரம் எண்ணப்படுவது தீப்பிடித்த நொடியிலிருந்து; படுக்கை கிடைத்த நேரத்திலிருந்து அன்று. கட்டட இடிபாட்டிலிருந்து எடுத்து, கிடைத்த வண்டியில் தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, சீட்டு எழுதி, இன்னொரு வண்டி பிடித்து, சிவகாசியிலிருந்து எழுபது கிலோமீட்டர் கடந்து மதுரையில் சேர்க்க மூன்று மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் டிரிப்ஸ் ஏறவில்லை என்றால், அந்த எட்டுப் பாட்டிலும் ஐந்து மணி நேரத்தில் ஏற வேண்டும். அதற்குள் நரம்பு சுருங்கி ஊசி ஏற்றவே இடம் கிடைக்காமல் போகலாம். கடும் தீக்காயமுற்ற குழந்தைகளைப் பற்றி 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு மணி நேரத்துக்குள் நீர்மம் தொடங்கப்பட்டவர்களிடம் பின்னாளைய இரத்த நச்சும் சிறுநீரகச் செயலிழப்பும் இறப்பும் குறைவாக இருந்தன. முதல் கடிகாரத்தில் தவறியது இரண்டாம் கடிகாரத்தில் தலைகாட்டுகிறது. பெரியாஸ்பத்திரியில் பத்தாம் நாள் நிகழும் மரணத்தின் வேர் தாலுகா மருத்துவமனையின் முதல் மணி நேரத்தில் இருக்கக்கூடும். பதிவேட்டில் அது மதுரைக் கணக்கில்தான் ஏறும்.

மூச்சுக்குழாய் இன்னொன்று. மூடிய அறையில் புகையும் அனலும் உள்ளே போனவரின் மூக்குமயிர் கருகியிருக்கும், எச்சிலில் கரி தெரியும், குரல் கம்மும். பேசிக்கொண்டே வருவார், நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துவிடும். குழாய் செருக வேண்டுமென்றால் வண்டி கிளம்பும் முன்பே செருக வேண்டும். நடுச்சாலையில் அடைத்தபின் அது மிகத் தேர்ந்த கைக்கும் கடினம்.

ஆக இந்தக் காயத்தில் ‘அருகிலா, பெரிதா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழையான கேள்வி என்பது என் துணிபு. ஊசி, பாட்டில், மூச்சுக்குழாய், வலிக்கு மருந்து, எரிந்த பரப்பைக் கணக்கிடத் தெரிந்த மருத்துவர்: இவை அருகில், இருபத்துநான்கு மணி நேரமும். தோலும் தொற்றும் பெரிய இடத்தில். முன்னதைப் பின்னதால் ஈடுகட்ட முடியாது.

## வண்டி போதும் என்போர்

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியபின் மூன்றாவது ஒரு பதில் வலுப்பெற்றது: மருத்துவமனை எங்கே இருந்தால் என்ன, நல்ல வண்டி விரைந்து வந்தால் போதும். இதற்கு ஆதரவாக நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு ஆம்புலன்ஸால் இணைத்த மாரடைப்புத் திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் வண்டி மட்டும் வேலை செய்யவில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிறிய மருத்துவமனை போட்டுவிட்டு அனுப்பியது. அனுப்புமுன் செய்ய வேண்டியதைச் செய்ததும் அந்த வெற்றியில் அடங்கும்.

பட்டாசு விபத்தில் வண்டி வாதத்துக்குத் தனியாக ஓர் ஓட்டை உண்டு. ஒரே நொடியில் பதினைந்து பேர் எரிந்தால் பதினைந்து வண்டிகள் ஒரே சமயத்தில் வேண்டும். பக்கத்து ஊர்களின் வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டால், அதே நேரத்தில் வலி எடுக்கும் கர்ப்பிணிக்கு வண்டி எது?

செலவுப் பக்கத்திலும் ஓர் இடைவெளி. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கானது. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது என்பார்கள். உரிமதாரர் உள்குத்தகைக்கு விட்ட அறையில், பதிவேட்டில் பெயர் ஏறாமல் கூலிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அட்டை எங்கிருந்து வரும்? விபத்துகள் தொடர்பாகத் திரும்பத் திரும்பப் பேசப்படும் முறைகேடு இந்த உள்குத்தகைதான். அதிக ஆபத்தில் இருப்பவரே காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார்.

## ரெஃபர் சீட்டும் நீதிமன்றமும்

சட்டம் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், விபத்தில் அடிபட்டவருக்கு உடனடியாகச் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குத் தடையாகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கு இன்னும் நெருக்கமானது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியாரிடம் காசு கொடுத்துப் பிழைத்தார். அவசர சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நோயாளியின் நிலையைச் சீராக்கும் வசதி, எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று சொல்லும் மையத் தொடர்பு, கருவிகளோடு கூடிய ஆம்புலன்ஸ் ஆகியவற்றையும் அது கேட்டது.

அமெரிக்காவில் 1986-இன் சட்டம், நிலையைச் சீராக்காமல் வேறிடம் அனுப்பக் கூடாது என்கிறது. மூடப்படும் நிலையிலுள்ள கிராமப்புற மருத்துவமனைகளுக்காக 2023-இலிருந்து அங்கே ஒரு புதிய வகையும் வந்திருக்கிறது: உள்நோயாளிப் படுக்கை கிடையாது, அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்கும். படுக்கையை விட்டுக்கொடுத்து அவசரத்தைக் காப்பாற்றும் இந்த யோசனை, குவிப்போருக்கும் தூரத்தை அஞ்சுவோருக்கும் நடுவில் ஒரு வழி. மருத்துவமனையின் வருமானத்தையே குறியாகக் கொண்ட அந்த ஏற்பாட்டை இங்கே நகலெடுக்கத் தேவையில்லை. எதைக் கடைசிவரை விடக் கூடாது என்ற வரிசை மட்டும் நமக்கும் பொருந்தும்.

தாலுகா மருத்துவமனை மருத்துவரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது, அநியாயமும்கூட. இரவுப் பணியில் ஒருவராக நிற்பவர், மயக்க மருந்து நிபுணர் இல்லாமல், செருகிப் பழகாத குழாயைச் செருகி ஏதாவது ஆகிவிட்டால் உறவினர் கூட்டத்தின் முன் தனியாக நிற்க வேண்டும். அனுப்பிவிட்டால் அவருக்குப் பழி இல்லை. புதிய மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வு நாட்களில் கீழ்நிலை மருத்துவமனைகளின் மருத்துவர்களை அங்கே மாற்றிக் காட்டுகிறார்கள் என்பது மருத்துவர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லும் புகார். விருதுநகருக்கு 2022 ஜனவரி 12 அன்று மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய பேறு. அது தாலுகாக்களை உறிஞ்சி வளர்கிறதா, அவற்றுக்குக் கை கொடுத்து வளர்கிறதா என்பதைப் பொறுத்தே முழுப் பயனும் இருக்கும்.

## தடுப்பதே முதல் என்போர்

மருத்துவமனை பற்றிய இத்தனை பேச்சும் தவறான முனையில் நடக்கிறது என்பாரும் உண்டு. வெடித்த அறையிலேயே உடல் சிதறியவருக்கு எந்தத் தீக்காயப் பிரிவும் பயன்படாது. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற விதியைக் காப்பதே உயிர் காப்பது. இதை மறுக்க எதுவுமில்லை. ஆனால் தடுப்பை முன்வைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் உரிமை யாருக்கும் இல்லை. முதலிப்பட்டிக்குப் பிறகும் பேசப்பட்டது தடுப்புதான்.

## தீராதவை

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நீண்ட காலத் தீக்காய சிகிச்சையைக் குவிப்பது சரி. முதல் சில மணி நேரச் சிகிச்சையைக் குவிப்பதற்கு ஆதரவான சான்று பலவீனம். அடுத்த மருத்துவமனை தொலைவில் உள்ள கிராமப்புறங்களில் சான்று எதிர்ப்பக்கமே சாய்கிறது. சீராக்காமல் அனுப்புவது மருத்துவத்திலும் சட்டத்திலும் நிற்காது.

திறந்திருக்கும் கேள்விகள் இன்னும் கடினமானவை. மதுரையிலும் விருதுநகரிலும் ஆகத் தீக்காயப் பிரிவு இரண்டு இருந்தால் நோயாளிகள் பிரிந்து, இரு இடத்திலும் கைப்பழக்கம் குறையுமா, அல்லது ஐம்பது கிலோமீட்டர் மிச்சமாவதன் பயன் அதைவிடப் பெரிதா? இலண்டன் ஆய்வு முதலாவதன் பக்கம், கலிஃபோர்னியா ஆய்வு இரண்டாவதன் பக்கம். பட்டாசு வட்டாரத்தின் நோயாளிகளை வைத்தே இது அளக்கப்பட வேண்டும். அப்படி அளக்க, ஒவ்வொரு ரெஃபர் சீட்டிலும் தீப்பிடித்த நேரம், எரிந்த சதவீதம், ஏற்றிய பாட்டில் எண்ணிக்கை, கிளம்பிய நேரம் ஆகிய நான்கும் எழுதப்பட்டு, மதுரையில் அவருக்கு நேர்ந்த முடிவோடு இணைக்கப்பட வேண்டும். கூடுதலாகக் கட்டடம் எதுவும் தேவைப்படாத வேலை இது.

இரண்டாவது, பணம். ஆபத்தை உண்டாக்கும் தொழில் அதன் அவசர சிகிச்சைக்குத் தனியாகப் பங்களிக்க வேண்டுமா? ஆலைகளின் மீது சிறு தீர்வை விதித்து வட்டாரத்தின் இரவுப் பணிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேட்கச் சரியாக இருக்கிறது. சுமை முறையாகப் பதிவு செய்தவர் மீது விழுந்து, பதிவில்லாத உள்குத்தகை அறைகள் மேலும் பெருக அது வழிவகுக்குமோ என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. தொழிலாளர் சங்கங்களும் உரிமதாரர்களும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது, இரவுப் பணி. தாலுகா மருத்துவமனையில் குழாய் செருகும் திறனை மாதம் ஒருமுறையாவது பயன்படுத்த வாய்ப்பில்லாத மருத்துவரிடம் அந்தத் திறன் தங்குமா? மருத்துவக் கல்லூரிக்கும் தாலுகாவுக்கும் இடையே சுழற்சிப் பணி இதற்கு விடையாகலாம். சாத்தூரிலும் சிவகாசியிலும் சில ஆண்டுகள் அதைச் செய்து பார்த்து, முடிவுகளைப் பொதுவில் வைத்தால்தான் இதற்கு மேல் எதையும் துணிந்து சொல்ல முடியும்.